வீரபாண்டியின் கழுத்து

கொழிஞ்சாம்பாறையில் நான் நாற்பது வருஷம் தையல்கடை வைத்திருந்தவன். முகம் மறந்தாலும் கழுத்தளவு மறக்காது. வீரபாண்டியின் கழுத்து பதினைந்தரை அங்குலம்.

ஐம்பத்தாறாம் வருஷம், ஊருக்குக் கரண்ட் வந்த கையோடு என் கடைக்கு எதிரே வெல்டிங் பட்டறை போட்டவன் அவன். கோயமுத்தூரில் கற்ற தொழில். உடைந்த வண்டி அச்சு அவன் கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும்போது கிளம்புகிற நீல வெளிச்சம்தான் பொல்லாதது. கறுப்புக் கண்ணாடி வைத்த தட்டியால் முகத்தை மறைத்துக்கொள்வான். சட்டையின் மேல் பொத்தானை மட்டும் போடவே மாட்டான். திறந்திருந்த இடத்தில் தோல் வெந்து கறுத்து, வெங்காயச் சருகு போல உரியும்.

வடகரப்பதியில் மருதாத்தாள் என்ற பெண்ணைப் பேசினார்கள். பெண் பார்க்கப் போக, கழுத்தை இறுக்கி மூடுகிற சட்டை ஒன்று கேட்டான். சித்திரை வெயிலில் அது வேண்டாமென்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே. போன இடத்தில் புழுக்கம் தாங்காமல் பொத்தானைக் கழற்றிவிட்டான். பெண்ணின் தாய்மாமன் நஞ்சப்பன் உரிந்த கழுத்தைப் பார்த்துவிட்டார். தோல் வியாதிக்காரனுக்குப் பெண் இல்லை, அது ஒட்டிக்கொள்ளும் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? வீரபாண்டிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. மூன்று நாள் பட்டறை திறக்கவில்லை.

மருதாத்தாளுக்கும் பிடித்திருக்க வேண்டும். அவன் சொன்னது போல வெல்டிங் வெளிச்சத்தால் வந்ததுதானா என்று நேரில் போய்ப் பார்க்கும்படி மாமனை நச்சரித்திருக்கிறாள். வெளிச்சத்தில் எங்காவது தோல் வேகுமா என்று கேலி பேசிக்கொண்டே அவரும் வந்தார். தலையில் உருமால், தோளில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. பட்டறைக்குள் போய் நாலடி தள்ளி உட்கார்ந்தார்.

"பார்க்காதீங்க, ஆகாதுங்க" என்று வீரபாண்டி இரண்டு தடவை சொன்னான். எதையோ மறைக்கிறான் என்று நினைத்த நஞ்சப்பன் இன்னும் கிட்டே நகர்ந்து கண்ணை உருட்டிப் பார்த்தார். அவன் ஒரு தடவையாவது சொறிகிறானா என்று உச்சிவேளை வரை காவல் இருந்தார்.

மறுநாள் அவருக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல ஆகிவிட்டது. நான்காம் நாள், தைத்து முடித்த ரவிக்கைகளைக் கொடுக்க மருதாத்தாள் வீட்டுக்குப் போனேன். மனுஷன் மூலையில் உட்கார்ந்திருந்தார். உருமால் மறைத்த நெற்றியும் துண்டு கிடந்த தோளும் பழைய நிறம். முகம், கழுத்து, மார்பு எல்லாம் உரிந்துகொண்டிருந்தது. ஒட்டும் வியாதி என்று அவரே பரப்பி வைத்திருந்ததால், பக்கத்து வீட்டார் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் முயலவில்லை.

மருதாத்தாள் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஏனுங் மாமா, நீங்க அரை நாள் பார்த்ததுக்கே இப்படி. அவரு நித்தமும் பார்க்கறாருங்க. இந்த வியாதிக்காரரையே எனக்குக் கட்டி வெச்சிருங்க" என்றாள்.

அவர் மோரைக் குடித்தார்.

அடுத்த மாதமே கல்யாணம். மாப்பிள்ளை மேல் பொத்தான் போடாத சட்டையில், கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் தைத்த அந்த இறுக்கச் சட்டையும் வீணாகவில்லை. நஞ்சப்பனுக்கும் கழுத்தளவு பதினைந்தரைதான். உரிந்த தடம் வெளியே தெரியாமலிருக்க, தாலி கட்டி முடியும் வரை ஒரு பொத்தானையும் கழற்றாமல் வேர்த்துக்கொண்டே நின்றார்.