எடித் அக்கா தைத்த கோட்டுகள்

எங்கள் தோட்டவெளி பாண்ட் குழுவுக்கு நெடுங்காலமாக ஒரே உடுப்புத்தான். வெள்ளைச் சேட், கறுப்புக் காற்சட்டை. கல்யாணம் என்றால் சிவப்பு டை, செத்த வீடு என்றால் கறுப்பு டை. தலைவர் அலெக்ஸாண்டர் அண்ணனிடம் வேறு உடுப்புப் பற்றிப் பேசினால் மனிதருக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். பெரிய மேளம் அடிக்கிற நான், என் வயிற்றுக்கு ஒரு சேட் தைப்பதே பெரும்பாடு என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அண்ணனின் மனைவி எடித் அக்காதான் எங்கள் எல்லாருக்கும் தைப்பவர். அதிகம் பேசமாட்டார். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு அளவு எடுக்கிறவரிடம் யார் பேச்சுக் கொடுப்பது? ஒரே மகன் டிலோஜன் குழுவில் ட்ரம்பெட் வாசித்தான். தாய்க்கு நேர் எதிர். வாயில் ட்ரம்பெட் இல்லாத நேரமெல்லாம் கதைதான்.

போன வருடம் தை மாதத்தில் ஒரு கல்யாணம். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப்போக, வீட்டு வாசல் படலையில் நின்று வாசிக்கத் தொடங்கினோம். எங்களைக் கண்டதும் பெண்ணின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கணவரின் சவப்பெட்டிக்கு முன்னால் இதே வெள்ளைச் சேட்டோடு வாசித்துப் போனவர்கள் நாங்கள்தான். டையை மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தோம். அந்த மனிசியின் கண்ணில் டை படவேயில்லை.

திரும்பி வரும்போது டிலோஜன் தகப்பனைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, கல்யாணத்துக்கெண்டு வேற உடுப்பு வேணும். வைன் கலர் கோட், பித்தளைப் பொத்தான். பின்னால இருந்து பாத்தா ஆர் ஆரெண்டு தெரியக்கூடாது. எல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கோணும்."

"அருளப்புவையும் என்னையும் ஆரடா ஒரே ஆளெண்டு சொல்லுவான்?" என்று அண்ணன் என் வயிற்றைப் பார்த்தார். ஆனால் அன்று அவர் மறுக்கவில்லை.

தவக்காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. அந்த நாட்களில் தைத்து முடித்து, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வரும் முதல் கல்யாணத்துக்குப் போடுவதென்று முடிவாயிற்று. அக்கா ஆறு பேருக்கும் துணி எடுத்தார். மாதிரிக்கு முதலில் மகனுடையதைத் தைத்தார். அவன் அதைப் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "இனி மாப்பிள்ளையை ஒருத்தரும் பாக்கமாட்டினம்" என்று சிரித்தான்.

அடுத்த கிழமை, பெருநிலத்திலிருந்து எங்கள் தீவுக்கு வரும் பாலத்துப் பாதையில் அவனுடைய மோட்டார் சைக்கிளை டிப்பர் லொறி ஒன்று அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

கல்யாணம் கட்டாத பிள்ளையை மாப்பிள்ளை உடுப்போடு அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். அக்கா அலுமாரியைத் திறந்து அந்தக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் வெள்ளைச் சேட்டும் கறுப்பு டையுமாக அவனுக்கு முன்னால் வாசித்துப் போனோம். மேளம் அடித்தது எனக்கு ஞாபகம் இல்லை. அழுததுதான் ஞாபகம்.

"அந்த நிறத்தை இனி ஒருத்தரும் போடவேண்டாம்" என்று அண்ணன் மிச்சத் துணியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வருடம் திரும்பும்வரை தான் கல்யாணங்களுக்கு வரப்போவதில்லை, இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கிற எமில் குழுவை நடத்தட்டும் என்றார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து எங்கள் ஊர்ப் பெண் பிறின்சியின் கல்யாணம் வந்தது. டைகள் இருக்கும் பெட்டியை எடுக்க நானும் எமிலும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். கறுப்புச் சேலையோடு அக்கா தையல் மெசினில் இருந்தார். மடியில் வைன் நிறத் துணி.

"அக்கா, வேண்டாம். வெள்ளையோடயே போறம்" என்றேன்.

அக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்தார். "அவன் கல்யாணத்துக்கெண்டு தெரிஞ்செடுத்த நிறம், அருளப்பு. ஒருக்காத்தான் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டவன், அதுவும் பெட்டிக்குள்ள. இதோட விட்டா அது செத்த வீட்டு நிறமாப் போயிடும். நான் விடமாட்டன்."

கதிரையில் இருந்த அண்ணன் எழும்பி முற்றத்துக்குப் போனார். அலுமாரிச் சாவி அவருடைய இடுப்பில்தான் எப்போதும் இருக்கும். அவர் கொடுக்காமல் துணி வெளியே வந்திருக்காது.

அக்கா என் வயிற்றைச் சுற்றி அளந்தார். குழுவின் மற்ற இருவரையும் கூப்பிட்டு அளந்தார். எமிலை மட்டும் அளக்கவில்லை. கேட்டதற்கு, "எனக்குத் தெரியும்" என்றார்.

கல்யாணத்தன்று டிலோஜன் நிற்கிற இடத்தில் எமில் ட்ரம்பெட்டோடு நின்றான். கோயிலிலிருந்து பெண் வீட்டுக்குப் போகிற ஊர்வலம் அக்கா வீட்டு ஒழுங்கையைத் தாண்டித்தான் போகவேண்டும். துக்க வீட்டார் என்பதால் அக்காவும் அண்ணனும் கல்யாணத்துக்கு வரவில்லை. அக்கா வேலியோரம் நின்றார். நாங்கள் கிட்ட வரும்போது அவர் எங்களைப் பார்க்கவேயில்லை, முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு மனம் நொந்துபோயிற்று. இவ்வளவு பாடுபட்டுத் தைத்துவிட்டு ஏன் இப்படி?

தாண்டியதும் திரும்பிப் பார்த்தேன். அக்கா ரோட்டுக்கு நடுவில் வந்து நின்று எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் அல்ல, ஒருவனை மட்டும்.

மறுநாள் எமில் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். "அண்ணை, அக்கா கோட்டுக் கையைப் பிழையா வெட்டிப்போட்டா. விரல் மூடுது. குடுத்துக் குறைக்கவேணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அடித்திருப்பேன்.

"அது பிழையில்லையடா. அது உன்ர அளவில்லை, அவன்ர அளவு."

மடித்துவிட்டிருந்த கையை எமில் மெல்ல இறக்கிவிட்டான்.

இன்றும் கல்யாண ஊர்வலம் அந்த ஒழுங்கையைத் தாண்டும்போது மெதுவாகத்தான் நடப்போம். எமில் திரும்பிப் பார்ப்பதேயில்லை. திரும்பினால் அக்காவுக்கு அவன் முகம் தெரிந்துவிடும்.