ரோஸ் பல்பொடி

கண்டியில் பல் டொக்டர் கொப்பளிக்கக் கொடுத்த ரோஸ் கலர் தண்ணியில் கராம்பு மணத்தது. தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த பீலித் தண்ணியடியில், கொழுந்தெடுக்கப் போகிற அவசரத்தில் அம்மா எங்கள் உள்ளங்கையில் தட்டிவிடும் பல்பொடிக்கும் இதே மணம்தான்; அது அவ்வளவு இனிப்பு என்பதால் நானும் தங்கச்சியும் பல்லில் தேய்க்காமலே நக்கித் தின்றுவிட்டு, குளிருக்குப் பயந்து வாய்கூடக் கொப்பளிக்காமல் ஓடிவிடுவோம்.

“பல்லு வெளக்கியாச்சா?” என்று அம்மா கேட்டால், சிவந்த நாக்கை நீட்டுவோம். அம்மா நம்பிவிடுவாள்.

இப்போது லயத்தில் வீட்டுக்கு வீடு பைப். பீலி இருந்த இடத்தில் புல்தான் நிற்கிறது. என் கடைவாயிலோ மூன்று ஓட்டை.

“சரி, துப்புங்க,” என்றார் டொக்டர்.

துப்ப வாயில் ஒன்றுமில்லை. எப்போதோ விழுங்கியிருந்தேன்.