பிரதான ஓட்டுநர்

இங்கிலாந்தின் பெல்பரில் லொரேன் விட்டேக்கரைத் தெரியாதவர்களுக்கும் அவள் அண்ணன் நெவிலைத் தெரியும். முப்பத்தொரு வருடம் அந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். கறிக்கடைக்காரர், பல் மருத்துவர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர் என்று பாதி ஊர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியது. சொந்தத் தங்கைதான் அவரிடம் தாக்குப்பிடிக்கவில்லை. மூன்றாம் பாடத்திலேயே அவரோடு சண்டை போட்டுக்கொண்டு, பக்கத்து நகரமான டார்பிக்குப் பஸ்ஸில் போய் வேறொரு அம்மாளிடம் கற்றுக்கொண்டாள்.

லொரேனுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. முப்பத்து நான்கில் மணவாழ்க்கை முறிந்து பெற்றோர் வீட்டுக்கு வந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். பெற்றோர் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணனும் அவளும் மிஞ்சினார்கள். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் அவளுக்கு வேலை, காலை ஆறு மணியிலிருந்து இரண்டு வரை. நாற்பத்தெட்டுப் படுக்கைகளின் விரிப்புகளையும் போர்வைகளையும் ஈரத்தோடு தூக்கித் தூக்கி, வீட்டுக்கு வந்த பிறகும் தோளில் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். வேலைக்கு நடந்துதான் போவாள். போக இருபது நிமிடம், திரும்பி வர முப்பது.

நெவில் ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருந்த ஒரே வண்டி அவருடைய மோரிஸ் மைனர் கார். 1966ஆம் வருடத்து வண்டி. ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் அதை வாங்கி, ஒன்பது வருடம் பாடுபட்டு ஓடவைத்தார். கடைக்குப் போக, மருத்துவமனைக்குப் போக என்று அதை எடுக்கவே மாட்டார். ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில், மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுப்பார். வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இருக்கும். லொரேன் பக்கத்து இருக்கையில் சாண்ட்விச் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். இரண்டு மூன்று முறை, அவருக்கு முதுகு வலித்தபோது, திரும்பி வரும் வழியில் அவள் ஓட்டியதும் உண்டு. அதற்காகத்தான் இன்ஷூரன்ஸில் அவள் பெயரையும் இரண்டாவதாகச் சேர்த்திருந்தார்.

போன நவம்பரில் நெவிலுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பிவிட்டது, கால் ஓரளவு திரும்பிவிட்டது. இடப்பக்கப் பார்வை மட்டும் திரும்பவில்லை. தட்டில் இடது பாதியில் இருக்கிற பட்டாணியை விட்டுவிட்டு, சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்பார். லொரேன் தட்டைத் திருப்பி வைப்பாள். இனி ஓட்டக் கூடாது, லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கான படிவம் ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. யாராவது கேட்டால், “வசந்தம் வரட்டும், பாத்துக்கலாம்” என்பார்.

மார்ச் மாதம் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

“போன வருஷம் மாதிரியே போட்டுடு. என் பேரு மேல, உன் பேரு கீழ” என்றார் நெவில்.

“இதுல ஒரு கேள்வி இருக்கு நெவில். ஓட்டுறவங்க உடம்புல ஏதாச்சும் மாத்தம் உண்டான்னு.”

“என்ன மாத்தம்? நாலு கிலோ எளைச்சிருக்கேன். அத எழுது.”

“நேத்து கதவு நிலைல நெத்திய இடிச்சுக்கிட்டியே, அத எழுதட்டுமா?”

நெவில் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அது தலைகீழாக இல்லை என்பது ஒன்றுதான் குறை.

ஒன்றும் சொல்லாமல் கட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. சலவை இயந்திரங்களுக்கு முன்னால் நின்றபடி அதையே நினைத்தாள். ஆனால் ஓட்டப்போவது அவள், காகிதத்தில் மேலே இருப்பது அவர். அவள் கை தவறி, யார் மீதாவது மோதினால்? பொய் சொல்லி எடுத்த பாலிசி செல்லாது என்று ஒரே வரியில் கையைக் கழுவிவிடுவார்கள். அந்தக் கடிதத்தைப் பிரிக்கும் தெம்பு தனக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆகவே வேலை முடிந்து வந்து, காலைத் தூக்கி நாற்காலியில் போட்டுக்கொண்டு, மத்தியானங்களில் ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டாள். முதல் கம்பெனியில், அன்றாடப் போக்குவரத்துக்கு வேறு கார் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, நடந்து போகிறேன் என்றாள். வேறு கார் இல்லாதவர்களுக்குப் பழைய கார் பாலிசி தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நடப்பவள் மேல் அவர்களுக்கு என்ன சந்தேகமோ. இரண்டாவது கம்பெனி தரத் தயார். ஆனால் வண்டி அழிந்துபோனால் அன்றைய சந்தை விலைதான் கொடுப்பார்கள், அதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். ஒன்பது வருட உழைப்பு அவர்கள் கணக்கில் ஐம்பத்தெட்டு வருடத்துப் பழைய இரும்பு.

மூன்றாவது இடத்தில் ஒருவர் மிகவும் அன்பாகப் பேசினார். “நீங்க ஓட்டவே போறதில்லன்னா, கொட்டகைல நிக்கிற வண்டிக்குன்னே ஒரு பாலிசி இருக்குங்க. தீக்கும் திருட்டுக்கும் மட்டும். விலையும் ரொம்பக் கம்மி. கேள்வியும் கம்மி.”

கேள்வி கம்மி என்றதும் லொரேனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு களைப்பு. சரி என்று சொல்ல வாய் எடுத்தாள். பிறகு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை தேநீரோடு அதை மெல்ல எடுத்துச் சொன்னாள். நெவில் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“செத்தவனுக்குப் போடுற போர்வை மாதிரி” என்றார்.

“எனக்கு ஓஞ்சு போச்சு நெவில். எதையாச்சும் ஒண்ண சொல்லு. அதையே போட்டுடறேன்.”

அவர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார்.

நான்காவது கம்பெனியை அவள் சனிக்கிழமை பிற்பகல் கூப்பிட்டாள். கையில் பிடித்திருக்க முடியாமல் போனை மேஜைமேல் வைத்து, குரல் வெளியே கேட்கும்படி போட்டுவிட்டாள். மேஜையின் மறுபக்கம் நெவில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபிலிருந்து கரீஸ் என்ற பெண் பேசினாள். வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மைல் வரைக்கும் ஓட்டலாம். வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்து எழுதிக்கொள்வார்கள், பிறகு அதில் மாற்றமில்லை. பூட்டிய கொட்டகை வேண்டும். வேறு கார் இல்லாவிட்டாலும், வேலைக்கு நடந்துதான் போகிறாள் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

நெவில் குறுக்கெழுத்திலிருந்து நிமிராமலே, “நொறுங்கிப் போச்சுன்னா வண்டிக் கூடு யாருக்குன்னு கேளு” என்றார்.

“பணத்தையும் தந்து வண்டியையும் உங்களுக்கே விட்டுடுவோம் சார்” என்றது போன்.

நெவில் தலையை ஆட்டினார். அதற்குப் பின் கரீஸ் கேட்டாள்: “பிரதான ஓட்டுநர்னு யார் பேரப் போடட்டுங்க? வண்டிய அதிகமா ஓட்டப்போறது யாரு?”

லொரேன் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு நெவிலைப் பார்த்தாள். நான்கு மாதமாக இந்த ஒன்றைச் சுற்றித்தான் அவள் நடந்துகொண்டிருந்தாள்.

“அவதான்” என்றார் நெவில். பென்சிலை வைத்தார். “நான் ஓட்டுறதில்ல தாயி. எனக்கு இடப்பக்கம் கண்ணு தெரியல. இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. லொரேன் விட்டேக்கர்னு போடு. என் பேரு வேணாம். கீழயும் வேணாம்.”

“சரிங்க சார். லைசென்ஸ் ஆபீசுக்குச் சொல்லிட்டீங்களா?”

“திங்கக்கிழமை தபால்ல போயிடும்.”

போனை வைத்ததும் லொரேனுக்கு நிம்மதி வரும் என்று யாரும் நினைப்பார்கள். வந்தது கோபம். கார்டிஃபில் இருக்கிற முன்பின் தெரியாத பெண்ணிடம் அரை நிமிடத்தில் சொல்ல முடிந்ததைத் தன்னிடம் சொல்லாமல் ஒரு குளிர்காலம் முழுவதும் அவளை இழுத்தடித்திருக்கிறாரே!

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கல.”

“நான் கேக்கலயா?”

“வேற எல்லாத்தையும் கேட்ட. மருந்து தின்னியா, நெத்தி வலிக்குதா, தட்டத் திருப்பட்டுமா.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “அந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னு தெரியாது. பெல்பர்ல பாதிப் பேருக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவன்னு தெரியாது. அதான் சொல்ல முடிஞ்சுது.”

அவள் கொல்லைப்புறம் போய், காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக மடித்தாள். ஒரு நாளில் இருநூறு துணி மடிக்கிற கை, அன்று ஒரே சட்டையை மூன்று முறை மடித்தது.

படிவம் திங்கட்கிழமை தபாலில் போனது. மோரிஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து, வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, நெவில் மனதில் வைத்திருந்ததைவிடக் குறைவாக ஒரு மதிப்பைச் சொன்னார். நெவில் சண்டைக்குப் போகவில்லை. வண்டியை ஆறு பக்கமும் படம் பிடித்து அனுப்பினாள் லொரேன். பாலிசி வந்து சேர்ந்தது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு மழை இல்லை. லொரேன் ஓட்ட, நெவில் இடது இருக்கையில் உட்கார்ந்தார். தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே தொடங்கிவிட்டது.

“கிளட்ச். கிளட்ச்ச முழுசா மிதி. அது கியரு, தயிர் கடையற மத்து இல்ல.”

“வாய மூடிக்கிட்டு வா.”

“கண்ணாடியப் பாத்தியா?”

“நீ பாதிதான பாக்குற, எனக்கென்ன சொல்ல வந்துட்ட?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நெவில் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டைக்குள்ளிருந்து சிரித்தார், இருமல் வரும் வரைக்கும். மேட்டில் வண்டி ஒரு தடவை நின்றுபோயிற்று. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். நெவிலின் வலது கால், அங்கே பிரேக் இருப்பது போல, வெறும் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

கார்சிங்டன் ஏரிக்கரையில் நிறுத்தி என்ஜினை அணைத்தாள். தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். தலை பின்னால் சாய்ந்தது தெரியும், அதற்கு மேல் தெரியாது. விழித்தபோது வெயில் கார் மூக்கிலிருந்து பின் இருக்கைக்குப் போயிருந்தது. மடியில் நெவிலின் கோட்டு கிடந்தது. அவர் ஃபிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி, ஆறிப்போனதைக் கொட்டாமல், கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“எவ்வளவு நேரம் தூங்கினேன்?”

“ஒண்ணரை மணி.”

“எழுப்பியிருக்கலாமே.”

“எழுப்பி என்ன பண்ண? நானா ஓட்டப்போறேன்?”

அவள் அந்த ஆறிய தேநீரை வாங்கிக் குடித்தாள். தோள் வலித்தது. இன்னும் பத்து மைல் ஓட்ட வேண்டும். மறுநாள் ஆறு மணிக்கு வேலை. கோட்டை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவள் தண்ணீரைப் பார்த்தாள்.