அவளுக்கு உறுமி வரவேண்டாம்

செனாவாங்கில் எங்கள் வீட்டுக்கு எதிர் மண்டபத்தில், தொழிற்சாலைச் சட்டையோடு ஒரு பெண் தெரு நடனம் பழகுவாள். ஒல்லி உடம்பு, முழங்கையெல்லாம் தழும்பு. போவோர் வருவோரிடம் கைபேசியை நீட்டிப் பாட்டுப் போடச் சொல்வாள். ஒருநாள் என்னிடமும் நீட்டினாள்.

"ஏதாவது ஒன்ன அமுக்குங்க பாட்டி. போட்டியில என்ன பாட்டு வரும்னு சொல்ல மாட்டாங்க. போன தடவ பழகாத பாட்டு வந்து தோத்துட்டேன். ஞாயித்துக்கெழம மறுபடி இருக்கு."

கூச்சத்தோடு அமுக்கினேன். கோயில் உறுமி மேளம் முழங்கியது. அவள் ஆடவில்லை. குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள்.

"சாமி மேளத்துக்குச் சப்பாத்தோட ஆட முடியாது லா."

"போட்டியிலயும் இப்படி அவுத்துக்கிட்டிருந்தா நேரம் போயிராதா தாயி?"

"போவும். மிச்ச நேரத்துல ஆடணும், வேறென்ன."

வெறுங்காலில் சுழன்று சுழன்று ஆடினாள். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய், அவளுக்கு மட்டும் இன்று உறுமி வரவேண்டாம் என்று சாமியிடமே கேட்டுக்கொண்டேன்.