பின்னால் வைத்த டர்போ

என் வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். மேடேறத் திணறும் ஒரு பழைய டீசல் லாரிக்கு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ வைக்க வேண்டும். இன்ஜின் பக்கத்தில் இடமில்லை. இவர் அதைப் பின்னால், சேஸுக்கு அடியில் பொருத்தி, நீளக் குழாய் போட்டுக் காற்றை முன்னால் கொண்டுவந்தார். ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. புகைக்குழாயில் சூடு தாங்கும் நாடாவை ஈரத்தோடு சுற்றியது நான்தான். ஒரு வாரம் கை அரித்தது. என் தம்பியும் மெக்கானிக்தான்; டீ குடிக்க மட்டும் வருவான்.

செய்தவனுக்கே கம்பெனி ஒர்க்‌ஷாப் பொறுப்பு என்று சொல்லியிருந்த லாரி முதலாளி பார்க்க வந்தார். இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி முன்னால் போய் நின்றான்.

"நான்தான் சார் செஞ்சேன். மாமா கூடமாட ஒத்தாசை பண்ணாரு."

முதலாளி குனிந்து பார்த்தார். "டர்போ இன்ஜினைவிடக் கீழ இருக்கே. அதுக்குப் போற ஆயில் எப்படிப்பா திரும்ப மேல ஏறும்?"

தம்பி குழாயைத் தடவிப் பார்த்தான். மாட்டினான் என்று நினைத்தேன். இவர் வாயைத் திறந்தார்: "அதுக்குத் தனியா ஒரு பம்ப் வச்சிருக்காரு சார்."

வச்சிருக்காராம்! பொறுப்பு அங்கேயே தம்பிக்குப் போனது.

வீட்டில் கேட்டேன். "உன் தம்பியாச்சே, நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தவா சொல்றே?" என்றார்.

"அவன் திருடினான். நீங்க கதவைத் திறந்து விட்டீங்க."

மறுநாள் தம்பி போன் செய்தான். "அக்கா, அடுத்த லாரி வந்திருக்கு. மாமாவை அனுப்பு."

"நீதானடா செஞ்சே? நீயே படுத்து மாட்டு" என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் ஸ்பேனர் பெட்டியோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.