பழுக்கும் முன்னே போட்ட ஊசி

என் மகளின் உடைந்த காலில் என் அண்ணன் ஒரு கைப்பிடி டீத்தூளை வைத்து அழுத்தியபோது, நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். கிருமி என்றால் என்னவென்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டுகிறவள். அன்று வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. கல்லூரிக்குக் கிளம்பிய என் மகள் கௌசல்யா, மழைச் சேற்றில் ஸ்கூட்டர் வழுக்கி, தேயிலைச் சரிவின் கானுக்குள் விழுந்தாள். மழைத்தண்ணீர் ஓடும் அந்த வாய்க்காலில் இல்லாத அசுத்தம் கிடையாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக வெளியே நின்றது. அதன் மேல் சேறு.

கணவர் வேலை விஷயமாகத் திருச்சியில் இருந்தார். அதனால் அண்ணன் பொறுப்பெடுத்துக்கொண்டார். தேயிலைத் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்களை அதட்டி வேலை வாங்கிய பழக்கத்தில், எலும்பும் தன் அதட்டலுக்குக் கட்டுப்படும் என்று நினைக்கிற மனிதர். அவள் குதிகாலைப் பிடித்து ஒரே இழு. அவள் அலறினாள். எலும்பு உள்ளே போய்விட்டது.

"பாத்தியா அம்மணி, சேந்துருச்சு. இனி இது வெறுங் கீறல்தான்" என்றார்.

கண்ணுக்குத் தெரியாமல் போனால் சேறும் இல்லாமல் போய்விடுமாம். ரத்தம் நிற்க டீத்தூள். அதன் மேல் இறுக்கி ஒரு துண்டு. கூடி நின்ற கூட்டம் தலையாட்டியது. தலையாட்டுவதற்கென்றே பிறந்த கூட்டம். "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துருவாங்க" என்றது ஒரு குரல். எங்கள் ஊரில் யாருக்குக் கைகால் முறிந்தாலும் கெத்தை வழியாக மலையிறங்கி, கீழே ஒரு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வருவதுதான் வழக்கம். தோல் கிழிந்த முறிவு வேறு, கிழியாத முறிவு வேறு என்று சொல்ல அங்கே ஆளில்லை. சொல்லத் தெரிந்த ஒருத்தி ஊமையாக நின்றாள்.

அந்த வைத்தியரிடம் போகத்தான் ஜீப்பில் ஏறினோம். மடியில் மகளின் தலை. உதடு வெளுத்திருந்தது. "அம்மா, கால் போயிருமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் மாரியம்மனிடம் சொன்னேன். ஆத்தா, அண்ணனை எதிர்த்துப் பேச எனக்குத் துப்பில்லை. போகிற வழி தப்பென்றால் நீயே மறித்துவிடு. கோழையின் பிரார்த்தனைதான். அதையும் ஆத்தா கேட்டாள்.

அரை மணி நேரம் இறங்கியிருப்போம். ஒரு கொண்டை ஊசி வளைவில் குட்டியோடு யானைக் கூட்டம், சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்கு உடனே பக்தி வந்துவிட்டது.

"பிள்ளையாரே வந்து நிக்கறாரு. சூடம் பொருத்திக் கும்புட்டா வழி விட்டுருவாரு. ஏந் தம்பி, தீப்பெட்டி இருக்குதா?"

"இருக்குதுங்க" என்றார் டிரைவர். "நீங்களே எறங்கிப் போய்ப் பொருத்துங்க. நான் வண்டியத் திருப்பி வெச்சுக்கறேன்."

அண்ணன் இறங்கவில்லை. டிரைவர் வண்டியைத் திருப்பினார். அந்த நிமிடம் என் நாக்கு அவிழ்ந்தது.

"திருப்புன வண்டி திருப்புனதாவே இருக்கட்டுங்க. ஊட்டி ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

"ஏனம்மணி, கொஞ்ச நேரத்துல அதுக போயிரும்."

"ஆத்தாகிட்ட மறிக்கச் சொல்லிக் கேட்டேனுங்ண்ணா. மறிச்சுட்டா. இனி நீங்க பேசாதீங்க."

ஊட்டி ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் மருத்துவர் கட்டை அவிழ்த்தார். "எலும்பு வெளிய வந்துச்சா?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க, சும்மா கீறல்" என்றார் அண்ணன்.

"வந்துச்சுங்க டாக்டர். சேத்துல கெடந்துச்சு. இவருதான் இழுத்து உள்ள விட்டாரு" என்றேன்.

மருத்துவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, எக்ஸ்ரேவுக்குக்கூட அனுப்பாமல், முதலில் நரம்பில் ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொன்னார். ரணஜன்னி என்கிற டெட்டனஸுக்கும் ஒன்று.

"புண்ணு பழுக்கவே இல்லீங்களே, காய்ச்சலும் இல்ல. இப்பவே எதுக்குங்க?" அண்ணனுக்கு அடங்கவில்லை.

"பழுத்தா எலும்புக்குள்ள பழுக்கும். அப்புறம் மாசக்கணக்குல ஊசி போட்டாலும் பத்தாது. கிருமி குடியேறதுக்கு முன்னாடி மருந்து போயிரணும். நீங்க ஏற்கனவே நேரத்தை வீணாக்கிட்டீங்க. வெளிய இருங்க."

அவர் போனார். யாரோ ஒருவர் அவரை அதட்டி நான் பார்த்தது அதுவே முதல் முறை.

அறுவை அரங்கில் வெகுநேரம் காயத்தைக் கழுவினார்கள். சேற்றைவிட டீத்தூளை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம். அதைக் கேட்டபோது கூனிக்குறுகிப் போனேன். ஊசி மட்டும் போதாது, இந்தக் கழுவலும் சேர்ந்தால்தான் கால் தப்பும் என்றார் மருத்துவர். எலும்பை வெளியிலிருந்து கம்பி வைத்து நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காயம் சுத்தமாக இருக்கிறதென்று ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள். அப்போது அண்ணன் வந்து, "இன்னும் ஒரு மாசத்துக்குப் போடச் சொல்லு அம்மணி" என்றார். முதல் ஊசியே வேண்டாம் என்ற அதே வாய்.

சீழ் இல்லை. காய்ச்சல் இல்லை. கௌசல்யா இப்போது லேசாகச் சாய்ந்து நடக்கிறாள். அதுவும் சரியாகிவிடும் என்கிறார்கள். தன் டீத்தூளால்தான் கால் பிழைத்தது என்று அண்ணன் கோயிலில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அவரோடு எனக்குப் பேச்சில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நான் மாறிவிட்டேன். பெரியவர்கள் சொல்கிறார்களே என்று வாய்மூடி நிற்கும் மரியாதையை அந்த வளைவிலேயே இறக்கி வைத்துவிட்டேன்.

ஆத்தாளை நம்புகிற சகோதர சகோதரிகளே, நீங்களும் அவளை நம்புங்கள். ஆனால் காயத்தில் எதையும் வைக்காதீர்கள், இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி வண்டியில் ஏற்றுங்கள். ஓடுகிற வண்டிக்குள் வேண்டினாலும் அவள் காதில் விழும். மருத்துவர் கேட்டால் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்குத் தைரியம் போதவில்லை என்றால் அவளிடமே கேளுங்கள். தருவாள். எனக்கே தந்தாளே.