இரண்டாவது உறிஞ்சல்

ஏஞ்சலின் காபியை உறிஞ்சினால் புதுவாயல் கூட்டுரோட்டில் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும். பழகிய நாய்தான், ஆனாலும் உட்காரும். கரண்டியில் கொஞ்சம் அள்ளி, உதட்டருகே கொண்டுபோய், காற்றோடு சேர்த்து ஒரே இழுப்பு. பழைய சேலையை முழம் முழமாகக் கிழித்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே வைத்திருந்து, கையோடு கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் துப்பிவிடுவார்.

“காப்பிய குட்ச்சிக்கினு இருக்கியா, இல்ல அதாண்ட சண்ட போட்டுக்கினு இருக்கியா?” என்பார் டீக்கடைக்காரர் வெங்கடேசன். “நீ துப்பறத பாத்தா வர்ற கஸ்டமர் இன்னா நெனப்பான்? கொஞ்சம் சத்தம் இல்லாம பண்ணு தங்கச்சி.”

ஏஞ்சலின் உடனே இன்னொரு கரண்டி எடுப்பார். இது முதலாவதைவிடப் பலமாக இருக்கும். முதல் உறிஞ்சல் காபிக்காக. இரண்டாவது, சத்தம் வேண்டாமென்று சொன்னவருக்காக. இந்தச் சட்டம் கூட்டுரோடு முழுக்கத் தெரியும். வெங்கடேசனுக்கும் தெரியும். சொல்லாமலிருக்கத்தான் அவரால் முடிவதில்லை.

உறிஞ்சுவதுதான் ஏஞ்சலினுடைய தொழில். விசிட்டிங் கார்டில் ‘ஸ்பெஷாலிட்டி காபி ஆலோசகர்’ என்று அச்சடித்திருக்கிறார். குடகிலும் ஏற்காட்டிலும் தோட்டக்காரர்கள் கொட்டையைக் காயவைத்துவிட்டு இவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புதிதாகக் காபிக்கடை திறப்பவர்கள் எந்தக் கொட்டை, எவ்வளவு வறுப்பு, எந்தத் தண்ணீர் என்று இவரைக் கேட்டுத்தான் அடுப்பே மூட்டுகிறார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலடியில் மட்டும் இவரிடம் ஆலோசனை கேட்பவர் யாருமில்லை. பையிலிருக்கும் கை அரவை மிஷினையும் குட்டித் தராசையும் பார்த்த ரயில்வே போலீஸ்காரர், “இன்னாத்தம்மா நிறுத்து விக்கிற?” என்று கேட்டதோடு சரி. தாயார் முத்தம்மா அக்கம்பக்கத்தில் மகளுக்குக் கேன்டீன் சூப்பர்வைசர் பதவி கொடுத்து வைத்திருக்கிறார். காபியைத் துப்புவதற்குச் சம்பளம் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்?

மூக்கு கெடாமலிருக்க, தொழிலுக்குச் சில விரதங்கள் உண்டு. பூ கூடாது, சென்ட் கூடாது, வாசனை சோப்பும் கூடாது. “புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், இவ பூவு வெக்கமாட்றா பாரேன்” என்று சர்ச் வாசலில் சின்னப்பொண்ணு வாராவாரம் கவலைப்படுகிறார். அந்தக் குத்துக்கல்லின் பெயர் பாக்கியராஜ். இரும்பாலையில் ஷிப்ட் வேலை. ஏஞ்சலின் பயணத்துக்கு நாள் குறித்துவிட்டால் வீட்டில் கருவாட்டுக்கு ஊரடங்கு அமலாகும். பாக்கியராஜ் கருவாட்டுப் பொட்டலத்தோடு தங்கை வீட்டுக்கு நடையைக் கட்டுவார். “அவ டூரு போனாதான் எனக்கு கிறிஸ்மஸ்” என்று வெளியே சொல்லிக்கொள்வார். ஆனால் வருஷத்தில் பாதி நாள் கிறிஸ்மஸ் என்றால் யாருக்கும் சலித்துப்போகும். தனியாக வறுத்த கருவாட்டைத் தனியாகத் தின்றுவிட்டு, “எப்ப வர்ற?” என்று போன் போடுவார். ஏஞ்சலினுக்கும் ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி இடுப்பு பிடித்துக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் தேர்வாய் கண்டிகையிலிருந்து கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்று அழைத்தது. அதிகாரிகளும் வெளிநாட்டு விருந்தாளிகளும் உட்காரத் தனிக் காபி அறை. கொட்டை தேர்ந்தெடுத்து ஆட்களைப் பழக்கிவிட ஒரு வருஷ ஒப்பந்தம். ஸ்கூட்டரில் போய், சாயங்காலம் வீட்டுச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ஒரு ட்ரையலும் முடிந்திருந்தது. இனி டைரக்டர் முன்னால் ஒரு முறை ருசி பார்த்துக் காட்டினால் போதும், கையெழுத்து.

அதற்கு முந்தின நாள் எச்.ஆர். அதிகாரி நந்தினி போன் செய்தார்.

“எல்லாம் ஓகே மேடம். அந்த சவுண்ட் மட்டும்தான்...”

“எந்த சவுண்டு?”

“நீங்க உறிஞ்சறீங்களே, அது. ட்ரையல் அன்னிக்கு அக்கவுன்ட்ஸ் செக்ஷன் வரைக்கும் கேட்டுச்சு. டைரக்டர் டீசன்ஸி பாப்பாரு. சைலன்ட்டா பண்ண முடியாதா?”

“காத்தும் சேந்து உள்ள போனாதான் மேடம் ருசி தெரியும். சைலன்ட்டா பண்ணா அது வேல இல்ல, விருந்து.”

“அப்ப கான்ட்ராக்ட் கஷ்டம் மேடம். பாத்துக்கோங்க.”

பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த முத்தம்மாவுக்கு எல்லாம் கேட்டது. “கம்முனு குட்ச்சிட்டு வாயேன்டி. ஆண்டை ஊட்டு களத்துல நாங்க கூழு குடிச்சா, சத்தத்த கேட்டு அந்த ஊட்டு பொம்பளைங்க சிரிப்பாளுங்கோ. அப்பால நாங்க சத்தமில்லாம குடிக்க கத்துக்கல? உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?”

“நீ கத்துக்கினல்ல, அதாம்மா. நம்ம ஊட்டுக்கு ஒருத்தர் கத்துக்கினா போதும்.”

மறுநாள் மீட்டிங் அறையில் நந்தினி சகல பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்திருந்தார். ஒவ்வொரு கோப்பையிலும் கரண்டிக்குப் பதில் காகித ஸ்ட்ரா. ஒலிபெருக்கியில் புல்லாங்குழல். ஆலோசகருக்கு மேஜையின் கோடியில், மணிபிளான்ட் தொட்டிக்குப் பின்னால், ஒரு நாற்காலி. ஓர் உறிஞ்சலை அடக்க ஒரு நிர்வாகம் இவ்வளவு பாடுபட்டதாக மாவட்டத்தின் தொழில் வரலாற்றில் தகவல் இல்லை.

ஏஞ்சலின் தொட்டியைத் தள்ளி வைத்தார். ஸ்ட்ராக்களை ஒவ்வொன்றாக உருவித் துப்பும் டம்ளரில் போட்டார். “பாட்ட நிறுத்திடுங்க மேடம். வேல செய்யும்போது நான் பாட்டு கேக்கறதில்ல.”

புல்லாங்குழல் நின்றது. மேஜையின் நடுவில் டைரக்டர் அன்புசெல்வன் ஒப்பந்தத்தை முன்னால் வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார். ஏஞ்சலின் பையிலிருந்து தன் கரண்டியை எடுத்தார், குனிந்தார், இழுத்தார்.

தண்ணீர் பாட்டில் வைக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நந்தினி கண்ணை மூடிக்கொண்டார். ஏஞ்சலினும் மூடிக்கொண்டார், வேறு காரணத்துக்காக. துப்பினார். அந்தக் கோப்பையில் தெரியவேண்டியது அத்தனையும் தெரிந்துவிட்டது. உயரமான மலையில் விளைந்த நல்ல கொட்டை, அதைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்துக் கெடுத்திருக்கிறார்கள். அடுத்த கோப்பைக்குப் போகலாம்.

அன்புசெல்வன் தொண்டையைச் செருமினார். பேனாவை மூடி, ஒப்பந்தத்தின் மேல் குறுக்காக வைத்தார். “தப்பா எடுத்துக்காதம்மா. இதையே கொஞ்சம் சத்தம் இல்லாம பண்ணலாமே.”

ஏஞ்சலின் அவரைப் பார்த்தார். கரண்டியை வெந்நீரில் அலசி, துணியில் துடைத்தார். நாற்காலியை அவருக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே கோப்பையில் மறுபடியும் கரண்டியை இறக்கினார்.